காடாத்துணியில் காய்கறிப் பை தைப்பது

சாயம் போடாத, தடித்த காடாத்துணி ஒன்றேகால் மீட்டர் வாங்குங்கள். வெட்டும் முன் ஓர் இரவு ஊறவைத்து, கஞ்சி போக அலசிக் காயவைத்து இஸ்திரி போடவும். இதைத் தவிர்த்தால் முதல் துவைப்பிலேயே பை சுருங்கிக் கோணும்.

உடல்பகுதிக்கு 43 × 88 செ.மீ. ஒரே துண்டு. அடியில் மடிப்புதான், தையல் இல்லை. பாரம் அங்கேதானே இறங்குகிறது. கைப்பிடிக்கு 10 × 65 செ.மீ.யில் இரண்டு பட்டை, துணியின் கரைக்கு இணையாக. குறுக்கே வெட்டினால் நாளடைவில் இழுபடும்.

நல்ல பக்கம் வெளியே தெரிய மடித்து, ஓரங்களை அரை செ.மீ.யில் தையுங்கள். பிசிறுகளை நறுக்கி, உள்ளே திருப்பி, 1 செ.மீ.யில் மறுபடி தையல். பிசிறு முழுக்க உள்ளே அடங்கிவிடும். ஓவர்லாக் மெஷின் தேவையில்லை.

அடிமூலையில் பக்கத் தையலை அடிமடிப்பின் மேல் பொருத்தி, நுனியிலிருந்து 5 செ.மீ. தள்ளிக் குறுக்கே தைத்தால் 10 செ.மீ. அகல அடிப்பாகம் கிடைக்கும். அந்த முக்கோணத்தை வெட்ட வேண்டாம்.

வாயை 1 செ.மீ., பிறகு 3 செ.மீ. மடியுங்கள். பட்டையை நான்காக மடித்து இரு ஓரமும் தைத்து, நுனிகளை நடுவிலிருந்து 7.5 செ.மீ. தள்ளி வாய்மடிப்புக்குள் செருகவும். வாயைச் சுற்றித் தைத்தபின் பட்டையை மேலே நிமிர்த்தி, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். பை அறுவது பெரும்பாலும் இங்கேதான். பருத்தி நூல் மண்ணில் மக்கும், உண்மை. ஆனாலும் இந்தச் சதுரத்துக்கு மட்டும் பாலியஸ்டர் நூலே மேல். ஊசி 16-ஆம் எண். மெல்லிய ஊசி இத்தனை மடிப்பில் முறியும்.