அமெரிக்காவில் வேலை போனால்: அவசரத்திலும் தயக்கத்திலும் செய்யும் தவறுகள்

"ஒழுங்காக வேலை செய்தால் நம்மை யாரும் தூக்க மாட்டார்கள்." அமெரிக்காவில் ஐ.டி. வேலையில் இருக்கும் நம்மவர்கள் இன்னமும் இதை நம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000 என்று வரிசையாக அறிவித்தன. பல வருடங்கள் அங்கேயே உழைத்தவர்களுக்குக்கூட, காலையில் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாமல் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு பிராஜெக்டையே மூடும்போது அதில் யார் கெட்டிக்காரர் என்று யாரும் பார்ப்பதில்லை.

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. மொன்டானாவைத் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் 'அட் வில்' முறைதான்: காரணம் சொல்லாமல், முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பலாம். இனம், மதம், பாலினம், கர்ப்பம், 40 வயது நிரம்பியது போன்ற காரணங்களுக்காக அனுப்பினால்தான் வழக்கு. ஆகவே, "நான் எங்கே தப்பு செய்தேன்?" என்று முதல் இரண்டு வாரத்தை அழுது கழிப்பதுதான் நான் பார்த்தவரை முதல் தவறு. வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த நாட்டில் வேலை போனவருக்குச் சேரவேண்டியது எதுவும் தானாக வீடு தேடி வராது. விசா, இன்சூரன்ஸ், செவரன்ஸ் (வேலையிலிருந்து அனுப்பும்போது நிறுவனம் தரும் தொகை), வேலையின்மைப் படி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு இருக்கிறது. கேட்காமல் விட்டால் போனதுதான்.

"60 நாள் நோட்டீஸ் கொடுத்தே ஆகணும், சட்டம் இருக்கு" என்பது அடுத்துக் கேட்கும் பேச்சு. பாதிதான் உண்மை. இந்த நோட்டீஸைக் கேட்கும், 1988-இல் வந்த வார்ன் சட்டம் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். அதிலும் ஓர் இடத்தையே மூட வேண்டும். அல்லது ஒரே இடத்தில் 500 பேரையோ, குறைந்தது 50 பேரும் அங்குள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கும் ஆகும் அளவிலோ அனுப்ப வேண்டும். உங்கள் ஆபீசில் 30 பேரை மட்டும் அனுப்பினால் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. கலிஃபோர்னியாவில் 75 பேர் உள்ள நிறுவனத்துக்கே மாநிலச் சட்டம் பொருந்தும். நியூயார்க், நியூ ஜெர்சியில் நோட்டீஸ் 90 நாள். பெரிய நிறுவனங்கள் பல, நோட்டீஸ் கொடுத்து வேலை வாங்குவதற்குப் பதிலாக, "இனி வர வேண்டாம், ஆனால் 60 நாளைக்குச் சம்பளப் பட்டியலில் இருப்பீர்கள்" என்று சொல்லிவிடும். அந்த 60 நாளைப் பற்றி விசா விஷயத்தில் மறுபடி பார்ப்போம்.

கையெழுத்துப் போடும் அவசரம்

எச்.ஆர். அனுப்பும் செவரன்ஸ் ஒப்பந்தத்தைக் கைநடுக்கத்தோடு திறந்து, தொகையைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மறுத்தால் இதுவும் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம்.

செவரன்ஸ் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் சட்டம் எதுவும் இல்லை. பிறகு ஏன் நிறுவனம் கொடுக்கிறது? ஒப்பந்தத்தின் நடுவில் 'ரிலீஸ்' என்று ஒரு பத்தி இருக்கும். வயது, இனம், சம்பளப் பாக்கி என்று பட்டியல் போட்டு, இவற்றில் எதற்கும் இனி வழக்குத் தொடர மாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதுதான் அது. செவரன்ஸ் என்பது அந்தக் கையெழுத்துக்கான விலை. விலை என்றால் பேரம் பேசலாம். நம்மவர்கள் காய்கறிக் கடையில் பேசும் பேரத்தைக்கூட இங்கே பேசுவதில்லை. கூடுதல் பணம் கிடைக்காவிட்டாலும், சம்பளப் பட்டியலில் இன்னும் சில வாரம் வைத்திருக்கச் சொல்லலாம், இரண்டு மாத இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் கட்டச் சொல்லலாம். ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவருக்கு, மொத்தமாகக் கையில் தரும் பணத்தைவிடச் சம்பளப் பட்டியலில் கிடைக்கும் கூடுதல் வாரங்கள் பல நேரம் அதிக மதிப்புள்ளவை.

40 வயது நிரம்பியவர்களுக்கு 1990-இல் ஒரு பாதுகாப்பு வந்தது. ஒப்பந்தத்தைப் படித்து யோசிக்க 21 நாள். பலரைச் சேர்த்து அனுப்பும்போது 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். கூட்டமாக அனுப்பும்போது ஒப்பந்தத்தோடு ஓர் இணைப்பும் வர வேண்டும். அதில் பெயர்கள் இருக்காது. உங்கள் பிரிவில் எந்தப் பதவியில் எத்தனை வயதுக்காரர் அனுப்பப்பட்டார், எத்தனை வயதுக்காரர் தங்கினார் என்று வரிசையாக இருக்கும். அனுப்பப்பட்டவர்கள் பக்கம் முழுக்க 47, 51, 53 என்றும், தங்கியவர்கள் பக்கம் 28, 31 என்றும் தெரிந்தால், கையெழுத்துக்கு முன் தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அந்தத் தாளைப் படிக்காமலே மடித்து வைப்பவர்கள்தான் அதிகம் என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

இன்னொன்று: வேலை செய்த நாட்களுக்கான சம்பளத்துக்கும் இந்தக் கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதை நிறுத்திவைக்க முடியாது. கலிஃபோர்னியாவில் அனுப்பும் அன்றைக்கே, எடுக்காத விடுமுறைக்கான பணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டெக்சாஸில் சம்பளத்துக்கு 6 நாள் கெடு. விடுமுறைப் பணம் நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது.

அப்புறம், வேலை போகும் வாசனை வந்ததும் ஆபீஸ் ஃபைல்களையும் புரோகிராம்களையும் சொந்த மெயிலுக்கு அனுப்புவது. வேண்டவே வேண்டாம். எல்லாம் பதிவாகும், செவரன்ஸையே அதைக் காட்டி நிறுத்தலாம். உங்களுக்குச் சொந்தமான ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ஐ-797 (விசா மனு ஒப்புதல் கடிதம்), ஐ-140 (உங்களுக்காக நிறுவனம் போடும் கிரீன் கார்டு மனு) நகல் ஆகியவற்றை வேலை நன்றாக இருக்கும் காலத்திலேயே வீட்டில் எடுத்து வையுங்கள்.

அறுபது நாள் எப்போது தொடங்குகிறது

ஹெச்-1பியில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் தங்கலாம் என்ற விதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐ-94 (எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதிதான் கெடு. இந்தக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். செவரன்ஸ் மூன்று மாதத்துக்கு வருகிறது, ஆகவே அது முடிந்த பிறகு 60 நாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. செவரன்ஸ் என்பது வேலை முடிந்த பிறகு வரும் பணம். அது ஒரு நாளைக்கூடக் கூட்டித் தராது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மார்ச் 3-ஆம் தேதி மீட்டிங்கில் சொல்லிவிட்டார்கள், அன்றோடு வேலை நின்றது. ஆனால் மே 2 வரை சம்பளப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். குடியேற்றத் துறை பொதுவாக, சம்பளம் கணக்கிட்ட கடைசி நாளைத்தான் வேலை முடிந்த நாளாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. அந்தக் கணக்கில் ஜூலை 1 வரை நேரம் இருக்கிறது. வேலையே செய்யாமல் சம்பளம் மட்டும் வாங்கும் காலத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் வழக்கறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கறாராகக் கணக்கிட்டால் மார்ச் 4-இல் தொடங்கி மே 2-இலேயே முடிந்துவிடும். மே 2-க்குள் புது மனு போகும்படி வேலை தேடுங்கள். ஜூலை 1-ஐக் கைவசம் இருக்கும் கடைசித் துருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கெடுவுக்குள் புது நிறுவனம் மனு போட்டுவிட்டால் போதும். அது கிடைக்கப்பெற்றதும், ஒப்புதல் வரும் முன்பே அங்கே வேலையில் சேரலாம். வேலை கிடைக்கவில்லை என்றால், கணவனோ மனைவியோ ஹெச்-1பியில் இருந்தால் குடும்பத்தினருக்கான ஹெச்-4க்கும், இல்லாவிட்டால் சுற்றுலாவுக்கான பி-2 போன்ற நிலைக்கும் மாற, அதே கெடுவுக்குள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது தங்கலாம். வேலை செய்ய முடியாது. உங்களை நம்பி ஹெச்-4இல் இருக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

"ஊருக்குப் போய் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு, வேலை கிடைத்ததும் வரலாம்" என்று டிக்கெட் போடுபவர்களும் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த 60 நாள் சலுகை அங்கேயே முடிந்தது. போதாததற்கு, 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடும் புதிய ஹெச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபரின் உத்தரவு வந்தது. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதில் பல உட்பிரிவுகள் இருப்பதால், குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் விமானம் ஏறாதீர்கள்.

ஐ-140 ஒப்புதலாகியிருந்தால், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடம் பொதுவாகப் போகாது. பத்து வருடம் காத்திருந்ததெல்லாம் வீண் என்று அழுபவர்கள் முதலில் அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஊர் திரும்புவதென்று முடிவெடுத்தாலும், ஹெச்-1பி காலம் முடியும் முன் அனுப்பிய நிறுவனம்தான் உங்கள் பயணச் செலவை ஏற்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். குடும்பத்தின் டிக்கெட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இன்சூரன்ஸ்: வேண்டாம் என்று எழுதித் தராதீர்கள்

வேலையோடு மருத்துவக் காப்பீடும் போவது அமெரிக்காவின் பெரிய கொடுமை. இரண்டாம் உலகப் போர் காலத்தில், 1942-இல், சம்பளத்தை உயர்த்த அரசு தடை போட்டது. ஆள் பிடிக்க நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்பீடு கொடுக்கத் தொடங்கின. பிறகு வரிச்சலுகையும் சேர்ந்து அப்படியே நிலைத்துவிட்டது. அன்றைய நெருக்கடிக்குச் செய்த ஏற்பாட்டால், இன்று ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது அப்பாவின் வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இது நியாயமே இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் என்றால், கோப்ரா சட்டப்படி அதே காப்பீட்டை 18 மாதம் வரை தொடரலாம். முழு பிரீமியமும் மேலே 2 சதவீதமும் உங்கள் செலவு. தொகையைப் பார்த்ததும் மயக்கமே வரும். "வேண்டாம்" என்று டிக் அடித்து அனுப்பிவிடுவார்கள். அங்கேதான் தவறு. முடிவெடுக்க 60 நாள் உண்டு. அதற்குள் எப்போது சேர்ந்தாலும், காப்பீடு நின்ற நாளிலிருந்தே பொருந்தும், அந்தக் காலத்துக்கான பிரீமியத்தைக் கட்டினால் போதும். படிவத்தை நிரப்பாமல் வைத்திருக்கும்போது 40-ஆவது நாளில் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் வந்தால், அன்றைக்குச் சேர்ந்து அந்தச் செலவை அதில் காட்டலாம். "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் கெடுவுக்குள் மனம் மாறலாம்தான். ஆனால் மாறிய நாளிலிருந்துதான் காப்பீடு கிடைக்கும், இடையில் நடந்தது உங்கள் கைச்செலவு. இந்தக் கடிதம் பெரும்பாலும் சாதாரணத் தபாலில் வரும். வீடு மாறினால் எச்.ஆரிடம் புது முகவரியைச் சொல்லுங்கள்.

ஆனால் தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசின் மார்க்கெட்பிளேஸில் சேரவும் காப்பீடு நின்றதிலிருந்து 60 நாள்தான். இரண்டையும் விட்டுவிட்டால் பொதுச் சேர்க்கைக் காலம் வரை அதில் நுழைய முடியாது. சட்டப்படி தங்கியிருக்கும் ஹெச்-1பிகாரர்களும் அங்கே சேரலாம்.

401கே என்ற ஓய்வுக்கால சேமிப்புப் பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: தொடாதீர்கள். பொதுவாக 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீத அபராதம். மாற்றுவதாக இருந்தால் உங்கள் பெயருக்குக் காசோலை வாங்காமல் நேரடியாக அடுத்த கணக்குக்கே மாற்றச் சொல்லுங்கள். கைக்கு வந்தால் 20 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

வேலையின்மைப் படி பிச்சை அல்ல

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் குடியுரிமை பெற்றவர்களும்கூட, "அரசாங்கத்திடம் கை நீட்டுவதா?" என்று இதை விட்டுவிடுகிறார்கள். 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் உருவான காப்பீடு இது. உங்களை வேலைக்கு வைத்த நிறுவனம் உங்கள் பெயரில் இதற்கென்று வரி கட்டியிருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரம் வரை கிடைக்கும். ஃப்ளோரிடாவில் 12 வாரம்தான். கலிஃபோர்னியாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், அந்த ஊர் வாடகைக்கு எந்த மூலைக்கு? இருந்தாலும் வாங்க வேண்டியது. வழக்கமாக விண்ணப்பித்த வாரத்திலிருந்துதான் கணக்கு தொடங்கும் என்பதால், தயங்கும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம். ஹெச்-1பிகாரர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. எந்த வேலைக்கும் உடனே போகத் தயாராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, விசா அதைத் தடுக்கிறது. ஹெச்-4 இ.ஏ.டி. (ஹெச்-4காரர்களுக்குத் தரும் வேலை அனுமதி) வைத்து வேலை பார்த்து இழந்தவர்கள் அவசியம் விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு எண்ணம்: "அமெரிக்கா என்றால் இப்படித்தான், சட்டமெல்லாம் மாறாது." நியூ ஜெர்சியில் மாறியிருக்கிறது. 2018-இல் அந்த மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக் கடைகள் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான கடை ஊழியர்கள் செவரன்ஸ் இல்லாமல் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள் முடங்காமல் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2020 ஜனவரியில் கையெழுத்தாகி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அங்கே பெரிய நிறுவனம் கூட்டமாக ஆட்களை அனுப்பினால், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம் கட்டாயம். எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் வேலை இழக்கும் தமிழர்களுக்கும் அந்தப் பணம் உண்டு. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் தங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு இதைச் சுட்டிக்காட்டி எழுதலாம். அதற்கு ஓட்டுரிமையோ குடியுரிமையோ தேவையில்லை.