மதிப்பெண் குறைந்தவர்கள் வேதியியல் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கையில் செய்யும் தவறுகள்

கார்த்திகை பிறந்துவிட்டால், எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது சேலத்தில் உள்ள என் வீட்டுக்கு விண்ணப்பத்தோடு வந்துவிடுகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குக் கடைசி நாள் டிசம்பரில் வருகிறது. 58 சதவீதமும் இயற்பிய வேதியியலில் இரண்டு அரியரும் வைத்திருந்த நான் விழுந்த குழிகளிலேயே அவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழையைத் திருத்து, தேதியைத் தவறவிடாதே என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை.

பதவியைப் பார்த்துப் பரிந்துரைக் கடிதம் வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மூன்று கடிதங்கள் வேண்டும் என்றதும் நம் பிள்ளைகள் முதல்வர், துறைத்தலைவர் என்று நாற்காலியின் உயரத்தை அளக்கிறார்கள். அவர்களோ, "நீயே டைப் பண்ணிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார்கள். நானும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மூன்று கடிதங்களையும் ஒரே மாலையில் அடித்தவன்தான். மூன்றிலும் நான் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவன், பணிவானவன். வரன் பார்க்க உதவியிருக்கும். விண்ணப்பித்த ஆறு இடங்களும் கையை விரித்தன.

என் புராஜெக்ட், சேர்வராயன் அடிவாரத்து வெள்ளைக்கல்லில், அதாவது மேக்னசைட்டில், மெக்னீசியத்தின் அளவைக் கண்டறிவது. ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி உலோகத்தை அளக்கும் தரம்பார்த்தலில் (டைட்ரேஷன்) ஒயின் சிவப்பு நிறம் நீலமாக மாற வேண்டிய இடத்தில், ஒரு மாதிரி மட்டும் எவ்வளவு ஊற்றினாலும் மங்கிய ஊதாவிலேயே நின்றது. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான், கல்லில் இருந்த இரும்பு எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது புரிந்தது. கரைசல் அமில நிலையில் இருக்கும்போதே, இரும்பைக் கட்டிவைக்கும் டிரைஎத்தனோலமைன் சேர்த்து, பிறகு பி.எச். 10க்குக் கொண்டுவந்ததும் நீலம் பளிச்சென்று வந்தது. அந்த மூன்று நாளும் அருகில் நின்று பார்த்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். பதவி சிறியது என்று அந்த மேடத்திடம் நான் கடிதமே கேட்கவில்லை. மறு ஆண்டு கேட்டேன். வேறெதையும் புகழாமல் அந்த மூன்று நாளைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதினார். நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வியே டிரைஎத்தனோலமைனைப் பற்றியதுதான்.

முதல் வகுப்பு வாங்கியவருக்காக அவருடைய மதிப்பெண் பட்டியல் பேசிவிடும். நமக்காக அது பேசாது, ஆகவே நம்மை ஆய்வகத்தில் பார்த்த ஒருவர்தான் பேச வேண்டும். பேராசிரியரின் பெயரில் தாமே ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கிக் கடிதத்தைப் பதிவேற்றும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அது பிழையல்ல, மோசடி. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்டால், ஆம் என்று சொல்லுங்கள். பார்க்கத் துடிப்பவரின் கடிதத்துக்கு மதிப்பு குறைவு.

அரியருக்காக ஒரு பக்கம் அழுவது

இரண்டு வரி போதும்.

இல்லாத தேர்வுக்குப் படிப்பது

அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வுகளில் வேதியியல் பாடத் தேர்வு 2023இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இருந்தும் ஒரு தம்பி பழைய புத்தகக் கடையில் அதற்கான நூலை வாங்கி வந்து காட்டினார். பொது ஜிஆர்இயையும் பல வேதியியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்று போட்டிருக்கும் இடத்துக்குக் குறைந்த மதிப்பெண்ணை வலியப் போய் அனுப்புவானேன்?

சதவீதத்தை நீங்களே ஜிபிஏ ஆக்குவது

ஜிபிஏ என்பது அமெரிக்கப் பாணித் தரப்புள்ளிச் சராசரி. பல்கலைக்கழகம் கேட்காதவரை மாற்ற வேண்டாம்.

நெட் ஒன்றையே நம்பியிருப்பது

உள்நாட்டிலேயே ஆராய்ச்சி செய்ய நினைப்பவர்கள், ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதவே பொதுப் பிரிவினருக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் என்பதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். இன்னொரு தேசியத் தேர்வான கேட் (GATE) எழுத அப்படியொரு வரம்பு இல்லை, அதன் மதிப்பெண்ணும் மூன்று ஆண்டுகள் செல்லும். ஆனால் சேர்க்கைக்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரம்பை வைத்திருப்பதால், கட்டணம் கட்டும் முன் அந்த அறிவிப்பை வரி விடாமல் படித்துவிட வேண்டும்.

நோக்க அறிக்கையை ஏற்காட்டில் அறை எடுத்து எழுதுவது

ஏன் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறோம் என்று நாமே எழுதும் அந்த அறிக்கைக்காக இருவர் போனார்கள். படகுத்துறைப் படங்கள்தான் வந்தன.