மதுரைக்கு ஒரு மடல், ஒரு டி-சர்ட்: தொடங்குவது எப்படி?

ஊர்ப்பாசம் எல்லோரிடமும் இருக்கிறது. உட்கார்ந்து பேசத்தான் ஒரு சாக்கு வேண்டும். நானும் நண்பர்கள் இரண்டு பேரும் 3 வருடமாக மதுரையைப் பற்றி மாதம் ஒரு மடல், அதாவது நான்கு பக்கச் சிற்றிதழ், அச்சடித்துக் கொடுத்து வருகிறோம். சித்திரைக்கு டி-சர்ட்டும் போடுகிறோம். முதல் மடலை வாங்கிப் படித்தவர்கள் 18 பேர். உங்கள் பகுதியில் இதைத் தொடங்க நினைத்தால், நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

தை மாதம் தொடங்குங்கள். தை, மாசி, பங்குனி என்று மூன்று மடல், அப்புறம் சித்திரைக்குச் சட்டை. பலரும் முதல் வேலையாகக் கோபுரப் படம் போட்டு நூறு சட்டை அடித்துவிட்டு, வாங்க ஆள் தேடி அலைகிறார்கள். மூன்று மடல் படித்தவர் தானாகவே வந்து கேட்பார்.

மடல் தயாரிப்பது

ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். வெற்றுத் தாளை மடித்து 1, 2, 3, 4 என்று எழுதி விரித்துப் பாருங்கள்: ஒரு புறம் 4-ம் 1-ம், மறுபுறம் 2-ம் 3-ம் வரும். அந்த மாதிரித் தாளையே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் காட்டிவிட்டால் குழப்பம் இல்லை. எழுத்து அளவு 12-க்குக் குறைய வேண்டாம். பெரியவர்கள்தான் முழுதாகப் படிக்கிறார்கள். சிற்றிதழ்க்காரர்கள் வழக்கப்படி 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று கீழே போடுங்கள்.

ஒரு மடலுக்கு ஒரே விஷயம். தை மாதம் தெப்பக்குளம். 1636-ல் மகால் கட்டத் திருமலை நாயக்கர் மண் எடுத்த பள்ளம்தான் குளமானது, அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்று ஊரில் சொல்வார்கள். மாசி மாதம் ஒரு கேள்வி: சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது? மாசியில் நடந்த விழா நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு மாறியது என்பது வழிவழியாக வரும் பதில். இது தெரியாத மதுரைக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், தெரிந்தவர்களுக்கோ சொல்லி மாளாது.

நான்காம் பக்கம் வாசகர்களுடையது. இடம் பற்றவில்லை என்றால் உங்கள் கட்டுரையை வெட்டுங்கள், அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். ஒவ்வொரு மடலின் கடைசியிலும் பதில் சொல்ல எளிதான ஒரு கேள்வி வையுங்கள். மாசி மடலில், "தேர் திரும்புவதை எங்கே நின்று பார்த்தீர்கள்?" என்று கேட்டிருந்தோம். வடக்கு மாசி வீதியில் பூ கட்டும் ஓர் அம்மா, "தேரு திரும்புறப்ப எங்க வீட்டுத் திண்ணை அதிரும் தம்பி, சொவத்துல மாட்டுன படமெல்லாம் ஆடும்" என்றார். ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே போட்டோம். அடுத்த மாதம் அவரே 20 பிரதி கேட்டு வாங்கி, பூ வாங்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எங்கள் கூட்டம் பெருகியது அப்படித்தான்.

பிரதிகளை டீக்கடை, சலூன், தையற்கடை என்று ஆட்கள் காத்திருக்கும் இடங்களில் வையுங்கள். கடைக்கு ஐந்து போதும்.

சட்டையில் என்ன போடுவது

சாமி படம் வேண்டாம் என்பது என் கருத்து. வியர்வையில் நனைந்து, துவைகல்லில் அடிபடும் துணி அது. ஊர்ப்பேச்சு நன்றாக எடுபடும். முன்புறம் 'இங்கிட்டு', முதுகில் 'அங்கிட்டு' என்று நாங்கள் போட்டது இன்றைக்கும் கேட்டு வருகிறார்கள். பங்குனி மடலில், அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார் என்று ஊரே காத்திருப்பதைப் பற்றி எழுதியிருந்தோம். பச்சைப் பட்டு என்றால் அந்த வருடம் செழிக்கும் என்பது நம்பிக்கை. அதனால் சித்திரைச் சட்டைக்குப் பச்சைத் துணி, வெள்ளை எழுத்தில் 'வைகை'. மடலைப் படித்தவருக்கு அந்தப் பச்சைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எல்லா விஷயத்துக்கும் சட்டை போட வேண்டியதில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று மேல மாசி வீதி வீட்டில் காந்தி மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். அதற்கு மடல் மட்டும் போட்டோம். அதை வைத்துச் சட்டை விற்க மனசு வரவில்லை.

துணியும் அச்சும்

நூறு சதவீதப் பருத்தி, 160 முதல் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு), பயோவாஷ் செய்தது (நொதி போட்டு அலசி, பிசிறு நீக்கியது) என்று கேட்டு வாங்குங்கள். அதைவிடக் கனமான துணியும், கறுப்பு நிறமும் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மை இறங்கும் வலைச் சட்டம், போட வேண்டும், அதனால் ஒரே நிறத்தில் முடித்தால் செலவு குறையும். பத்துப் பன்னிரண்டு சட்டைதான் என்றால் ஸ்கிரீன் போடாமல் டிடிஎஃப் முறையில் (பிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணியில் ஒட்டுவது) அடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாங்கள் பட்ட பாடு. நாங்கள் அனுப்பியது 'வைகை'. 40 சட்டை வந்து இறங்கியது. பிரித்தால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு இரண்டு இடத்திலும் எழுத்துக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. தமிழைச் சரியாகக் காட்டத் தெரியாத பழைய மென்பொருளில் அச்சகத்தார் நாங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்திருக்கிறார்கள். அடிப்பவரும் கவனிக்கவில்லை, நாங்களும் மாதிரி கேட்கவில்லை. 40-ம் வீண். இனி நீங்கள் செய்ய வேண்டியது: எழுத்துகளை 'கர்வ்' ஆக, அதாவது எந்த மென்பொருளிலும் உரு மாறாத வரைகோடுகளாக, மாற்றி பிடிஎஃப்பாக அனுப்புங்கள். அதையே படமாகவும் எடுத்துக் கூடவே அனுப்புங்கள். ஸ்கிரீன் எடுப்பதற்கு முன், அதற்காக எடுக்கும் பிலிமை நேரில் போய்ப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பிறகு ஒரே ஒரு சட்டை அடித்து வாங்கி, உட்புறத்தை வெளியே திருப்பி மூன்று தடவை துவையுங்கள். காய்ந்ததும் அச்சை இரண்டு கட்டைவிரலால் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் மைக்குச் சூடு பற்றவில்லை, சொல்லித் திருத்துங்கள்.

அளவு கேட்கும்போது எல், எக்ஸ்எல் என்று கேட்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீட்டில் நன்றாகப் பொருந்தும் சட்டையைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். 21 அங்குலம் வந்தால் மார்பளவு 42. பணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டு, வந்த எண்ணிக்கைக்கு மேல் நான்கைந்து மட்டும் சேர்த்து அடியுங்கள்.

கொடுக்கும் நாள்

கூரியரில் அனுப்பாதீர்கள், வரச் சொல்லுங்கள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குத் தெப்பக்குளம் படிக்கட்டில் வைத்துக் கொடுக்கிறோம். அன்றைய மடலில் ஒரு பத்தியை யாராவது ஒருவர் சத்தமாக வாசிப்பார். அப்புறம் டீ. மிச்சமாகும் நான்கைந்து சட்டைகளை விற்க வேண்டாம். அந்த வருடம் நான்காம் பக்கத்துக்கு நல்ல வரி சொன்னவர்களுக்குக் கொடுங்கள். எங்கள் முதல் பச்சைச் சட்டை வடக்கு மாசி வீதிக்குத்தான் போனது. அந்த அம்மா பேரனுக்கு என்று 34 அளவில் கேட்டு வாங்கிக்கொண்டார்.