விழுந்து கிடப்பது ஷாஹெத்தா? படத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி

உக்ரைனில் சுட்டு வீழ்த்திய ட்ரோன் என்று ஒரு படம் வந்தாலே ஷாஹெத் (இலக்கில் மோதி வெடிக்கும் ஈரானிய வடிவமைப்பு ட்ரோன்) என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். முக்கோண இறக்கையை மட்டும் வைத்து அப்படிச் சொல்லக்கூடாது. அதே வடிவில் வேறு ட்ரோன்களும் பறக்கின்றன.

முதலில் இறக்கை நுனியைப் பாருங்கள். அங்கே செங்குத்தாக நிற்கும் தகடு மேலும் கீழும் நீண்டிருந்தால் அது ஷாஹெத்-136, ரஷ்யர்கள் கெரான்-2 என்று அழைப்பது. மேல்பக்கம் மட்டும் நீண்டிருந்தால் அதன் தம்பி, ஷாஹெத்-131. முன்னது சுமார் 3.5 மீட்டர் நீளம், 200 கிலோ எடை, பின்னது 2.6 மீட்டர்தான். ஆனால் பக்கத்தில் ஓர் ஆளோ கார் டயரோ இல்லாத படத்தில் அளவை ஊகிக்காதீர்கள், பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

இறக்கை கருகிப் போயிருந்தால் எஞ்சினைத் தேடுங்கள். உலோகம் என்பதால் அது பெரும்பாலும் மிஞ்சும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் வரிவரியாகக் குளிர்விக்கும் தகடுகள் என்றால் 136. 131-இல் இருப்பது ரோட்டரி எஞ்சின், சிலிண்டர் வரிசையே இருக்காது. புரொப்பல்லருக்குப் பதில் ஜெட் எஞ்சின் இருந்தால் கெரான்-3.

அதிகம் பேர் ஏமாறும் இடம் உடைந்த விளிம்பு. அங்கே வெள்ளை நுரையும் ப்ளைவுட்டும் தெரிந்தால் அது கெர்பெரா. வான் பாதுகாப்பை ஏமாற்றி ஏவுகணைகளை வீணடிக்க வைப்பதற்காக ரஷ்யா அனுப்பும் மலிவான போலி. 2025 செப்டம்பரில் போலந்துக்குள் வந்து விழுந்தவற்றிலும் இது இருந்தது. ஷாஹெத்தின் உடைந்த விளிம்பில் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ நார்நாராகப் பிரிந்திருக்கும்.

ரஷ்யாவின் இன்னொரு மோதி வெடிக்கும் ட்ரோனான லான்செட்டில் குழப்பமே வராது: ஒல்லியான உடலில் எக்ஸ் வடிவ இறக்கைகள் முன்னும் பின்னுமாக இரண்டு தொகுதி, மின்மோட்டார். நான்கு கைகள் கொண்ட சிறிய ட்ரோனின் அருகே மீன்பிடி நரம்பு போல மெல்லிய இழை தரையில் கிடந்தால், அது ஃபைபர் கேபிள் வழியே இயக்கப்பட்ட எஃப்பிவி, அதாவது அதன் கேமரா காட்சியைப் பார்த்தே ஓட்டும் ட்ரோன். துருக்கியின் பைரக்தார் டிபி2-ஐ இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்; அது குண்டு போட்டுவிட்டுத் தளத்துக்குத் திரும்பும் ஆளில்லா விமானம்.

காணொளி என்றால் ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். 136-இன் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் மொபெட் போல உறுமும். உக்ரைனியர்கள் அதை மொபெட் என்றே அழைக்கிறார்கள்.

நேரில் பார்த்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். வெடிக்காத குண்டு உள்ளே இருக்கலாம், சில கெர்பெராக்களிலும்கூட. தொடாமல் விலகி, உக்ரைன் என்றால் 101 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள்.