ரூபன் காசரோல்: இளஞ்சிவப்பை நம்பாதீர்கள்

போன சனிக்கிழமை மாலை, எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். கண்ணாடித் தட்டு நிறைய உருகிய சீஸ். ஒரு மூலையை வெட்டி எடுத்த இடத்தில் பாக்களவு இளஞ்சிவப்பு இறைச்சித் துண்டுகள். "அக்கா, செய்முறையில் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். கறி மட்டும் ரப்பர் போல இழுக்கிறது" என்று எழுதியிருந்தார். "பிளாஸ்டிக் உறைக்குள் சின்ன மசாலாப் பொட்டலம் ஒன்று இருந்ததா?" என்று மட்டும் கேட்டேன். இருந்ததாம். நியூ ஜெர்சிக்கு நான் வந்த முதல் மார்ச் மாதத்தில், இதே தட்டை இதே துண்டுகளோடு பன்னிரண்டு பேர் முன்னால் கொண்டுபோய் வைத்தவள் நான்.

ரூபன் என்பது டெலி என்னும் அமெரிக்க இறைச்சி, சாண்ட்விச் கடைகளின் பழைய சாண்ட்விச். ரை என்னும் தானிய மாவில் செய்த இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே கார்ன்ட் பீஃப் என்னும் உப்புநீரில் ஊறிய மாட்டிறைச்சி, சாவர்கிராட் என்னும் புளித்த முட்டைகோஸ், ஸ்விஸ் சீஸ், மயோனைஸ் சேர்ந்த ரஷ்யன் டிரெஸ்ஸிங் ஆகியவற்றை வைத்து, வெண்ணெய் தடவிக் கல்லில் சுட்டுத் தருவார்கள். அது பிறந்த இடம் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. 1920-களில் ஒமாஹா நகரத்து பிளாக்ஸ்டோன் ஹோட்டலில் நடந்த சீட்டாட்டத்தில், ரூபன் குலகோஃப்ஸ்கி என்ற மளிகை வணிகரால் உருவானது என்பது ஒரு கட்சி. நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஆர்னால்ட் ரூபனுடையது என்பது மறு கட்சி. யாருடையதாக இருந்தாலும், எட்டுப் பேருக்கு எட்டு சாண்ட்விச் சுட்டு முடிப்பதற்குள் முதலாவது ஆறிவிடும். அதையே அடுக்கடுக்காகத் தட்டில் பரப்பி ஓவனில் வைத்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். (சப்பாத்தியைச் சூடாக வைக்கும் காசரோல் டப்பாவை மறந்துவிடுங்கள். இங்கே காசரோல் என்றால் ஓவனில் வெந்து, தட்டோடு மேசைக்கு வரும் உணவு.)

என் அளவு இது: 9க்கு 13 அங்குலத் தட்டுக்கு ரை ரொட்டி 10 துண்டு, வெந்த கார்ன்ட் பீஃப் 450 கிராம், சாவர்கிராட் 400 கிராம், ஸ்விஸ் சீஸ் 225 கிராம், டிரெஸ்ஸிங் முக்கால் கப். 175 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம். கீழே வருபவை இதில் நேரும் தவறுகள். ஓவனை முன்கூட்டியே சூடாக்க மறப்பது, தட்டில் வெண்ணெய் பூச மறப்பது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. ஒரு முறை பட்டால் தானாக வந்துவிடும்.

பச்சைக் கறியை வெந்த கறி என்று எண்ணுவது

கார்ன்ட் பீஃப் என்ற ஒரே பெயரில் மூன்று பொருள்கள் விற்கின்றன. டெலி கவுண்டரில் மெல்லிதாகச் சீவித் தருவது வெந்தது, அப்படியே சாப்பிடலாம். தகர டப்பாவில் வருவது இலங்கையிலும் மலேசியாவிலும் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமானது. அதுவும் வெந்ததுதான், ஆனால் உதிரியாக இருப்பதால் இந்த அடுக்குக்கு ஆகாது. மூன்றாவது, கடையின் இறைச்சிப் பகுதியில் இறுக்கமான பிளாஸ்டிக் உறையில், சிவந்த நீரில் ஊறியபடி, மசாலாப் பொட்டலத்தோடு கிடப்பது. அது பச்சைக் கறி. மாட்டின் நெஞ்சுப் பகுதியான பிரிஸ்கெட்டை உப்புநீரில் ஊறவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மார்ச் 17-ஆம் தேதி வரும், அமெரிக்கர்கள் கார்ன்ட் பீஃப் சமைக்கும் புனித பேட்ரிக் நாளையொட்டி இது கடைகளில் மலிவாகக் குவியும். புதியவர்கள் சிக்குவதும் அப்போதுதான்.

சிக்கவைப்பது நிறம். மாட்டிறைச்சி வெந்தால் பழுப்பாகும் என்றுதான் நம் கண் பழகியிருக்கிறது. கார்ன்ட் பீஃபுக்கான உப்புநீரில் நைட்ரைட்டும் உண்டு. அது இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து, வேகவைத்த பிறகும் போகாத இளஞ்சிவப்பைத் தருகிறது. டெலியில் பார்த்த வெந்த துண்டும் சிவப்பு, உறைக்குள் இருப்பதும் சிவப்பு. 'அதையேதான் முழுசாக விற்கிறார்கள்' என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. (பெயரில் உள்ள 'கார்ன்' மக்காச்சோளமும் இல்லை. கறியைப் பதப்படுத்தப் போட்ட கல்லுப்புப் பருக்கைகளுக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய பெயர் அது. இந்தச் சாப்பாட்டில் எந்தப் பெயரும் நேராக இல்லை.)

நானும் ஒன்றரைக் கிலோ துண்டு ஒன்றை வாங்கி, பொட்டலத்தைக் குப்பையில் எறிந்து, கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ரொட்டிமேல் பரப்பி ஓவனில் தள்ளினேன். சீஸ் பொன்னிறமாகக் குமிழியிட்டது. வீடெல்லாம் மணம். முதல் வாய் எடுத்த பெரியவர் ஒருவர் மென்றார், மென்றுகொண்டே இருந்தார், பிறகு மரியாதையாகக் காகிதத் துண்டைத் தேடினார். அவர் அதை நான்காக மடித்துத் தட்டின் ஓரத்தில் ஒளித்துவைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கறி மட்டுமா வீணாயிற்று? அதிலிருந்து கசிந்த உப்புநீரை ரொட்டி குடித்துவிட்டது. வாயில் வைக்க முடியவில்லை. மொத்தத் தட்டும் குப்பைக்குப் போயிற்று, பன்னிரண்டு பேருக்கும் பீட்சா வரவழைத்தோம்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் எடையைச் சுமந்து உழைத்த தசை. கொலாஜன் என்னும் இணைப்புத் திசு அதில் நிறைய உண்டு. உண்ணத் தகுந்த அளவு வேகுவது வேறு, மெல்லத் தகுந்த அளவு இளகுவது வேறு. கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக வேண்டுமானால் கறியின் உட்பகுதி 90 டிகிரியை நெருங்க வேண்டும், மணிக்கணக்கில் சூட்டில் கிடக்கவும் வேண்டும். காசரோல் ஓவனில் இருப்பதோ அரைமணிச் சொச்சம். அதற்குள் கறி சுருங்கி இறுகத்தான் நேரம் இருக்கிறது. 'இன்னும் ஒரு மணி நேரம் வைத்தால் சரியாகிவிடும்' என்று சிலர் திரும்பவும் உள்ளே வைப்பார்கள். ரொட்டி கருகும், டிரெஸ்ஸிங்கில் உள்ள மயோனைஸ் பிரிந்து எண்ணெய் மிதக்கும், கறி அசையாது.

ஆகவே முதல் நாளே வேகவையுங்கள். உறையைப் பிரித்து, கறியைக் கழுவி, நறுக்காமல் முழுத் துண்டாகக் குளிர்ந்த நீரில் மூழ்கவிட்டு, மசாலாப் பொட்டலத்தையும் கொட்டுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேலே ஓரிரு குமிழி மட்டும் எழும் நிலையில் மூன்று மணி நேரம் விடுங்கள். மின்சாரப் பிரஷர் குக்கரில் ஒன்றரை மணி நேரம். முள்கரண்டியால் குத்தித் தூக்கினால் கறி அதைப் பிடித்துக்கொண்டு வரக் கூடாது, நழுவி விழ வேண்டும். அந்த நீரிலேயே ஆறவிட்டு, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் இழைக்குக் குறுக்காக நறுக்குங்கள். இழையோடு நறுக்கினால் மூன்று மணி நேரப் பாடும் வீண், நார் நாராக வரும். ஒன்றரைக் கிலோ வெந்த பிறகு ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் நிற்கும். மீதி எங்கே போயிற்று என்று தேட வேண்டாம்.

இவ்வளவுக்கும் நான் தம்பியைக் கோபிக்கவில்லை. என் எரிச்சலெல்லாம் செய்முறை எழுதுபவர்கள்மீதுதான். "கார்ன்ட் பீஃப், நறுக்கியது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் 'வெந்த' என்று மூன்றெழுத்து சேர்க்க என்ன கேடு? தம்பியின் துண்டுகளைத் தட்டிலிருந்து பொறுக்கி எடுத்துத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் வேகவைக்கச் சொன்னேன். மறுநாள் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து வதக்கிச் சாப்பிட்டாராம். என் கறிக்கு அந்த மறுபிறவி வாய்க்கவில்லை.

சாவர்கிராட்டை வெறுமனே வடிப்பது

வடிகட்டியில் கொட்டிவிட்டு நகர்ந்தால் அடித்தட்டு ரொட்டி கஞ்சியாகும். துணியில் கட்டி, தேங்காய்ப் பால் எடுப்பதுபோல் முறுக்கிப் பிழியுங்கள். நன்றாக வடிந்துவிட்டது என்று நான் நினைத்த 400 கிராமைப் பிழிந்தபோது அரைக் கப் சாறு வந்தது. அதற்காகக் குழாயடியில் அலசிவிடாதீர்கள். கொழுத்த கறியும் சீஸும் திகட்டாமல் உள்ளே போவது அந்தப் புளிப்பால்தான்.

அன்று வாங்கிய ரொட்டி

ரை நம் ஊர்க் கம்பு அல்ல, கோதுமைக்கு உறவான குளிர்நாட்டுத் தானியம். அதன் மாவு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். டெலி ரை ரொட்டியில் பாதிக்கு மேல் கோதுமை இருந்தாலும் அந்தக் குணம் முழுதும் போவதில்லை. இரண்டு நாள் பழையதை வாங்கிச் சதுரமாக நறுக்கி, 150 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மொறுமொறுப்பாக்குங்கள். பாதி அடியில், பாதி உருக்கிய வெண்ணெயில் புரட்டி மேலே. ரொட்டியில் சீரகம்போல் தெரிவது காரவே விதை. அது பிடிக்காது என்று சாதா வெள்ளை ரொட்டிக்கு மாறுபவர்கள் வேறு ஏதோ செய்கிறார்கள், ரூபன் அல்ல.

உப்பு

போடாதீர்கள். எந்த அடுக்கிலும்.

துருவி விற்கும் சீஸ்

ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், சீராக உருகாது. கட்டியாக வாங்கித் துருவுங்கள்.

யூத நண்பர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது

டெலி யூதர்கள் வளர்த்த மரபு, ஆகவே இதைவிடப் பொருத்தமான பலகாரம் எது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர்களுடைய கோஷர் விதிப்படி இறைச்சியையும் பாற்பொருளையும் சேர்த்து உண்ணக் கூடாது. ரூபனோ இறைச்சிமேல் சீஸ் உருகி ஓடும் பண்டம். விதியைக் கடைப்பிடிக்காத யூதர்களும் ஏராளம், ரூபனை ஆசையோடு சாப்பிடுவார்கள். ஆனால் வாசலில் தட்டோடு நிற்கும்போது அதைக் கேட்பது சங்கடம். முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

சுடச்சுட வெட்டுவது

பதினைந்து நிமிடம் பொறுங்கள். இல்லாவிட்டால் அடுக்குகள் சரியும்.

மிச்சத்தை மைக்ரோவேவில் வைப்பது

ரொட்டி தோல்போல் ஆகும். குளிர்ந்த துண்டைத் தோசைக்கல்லில், சிறு தீயில், அடிப்பக்கம் கீழாக வைத்து மூடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் அடி முறுகிவிடும். அதற்குமேல் இன்னொரு துண்டைக் கவிழ்த்து வைத்தால் பழைய சாண்ட்விச்சாகவே கையில் எடுத்துக்கொண்டு போகலாம். எங்கள் வீட்டில் இந்த மறுநாள் துண்டுக்குத்தான் போட்டி.