விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோக எந்தப் பூட்டு வாங்குவது

அமெரிக்காவுக்குள் வேட்டைக்கோ சுடும் போட்டிக்கோ முதல்முறையாகத் துப்பாக்கியோடு விமானம் ஏறப்போகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, எந்தப் பூட்டு நல்ல பூட்டு என்பதுதான். நான் பதிலுக்குக் கேட்பது, உங்களிடம் என்ன பெட்டி இருக்கிறது? பெட்டியைப் பார்க்காமல் பூட்டு வாங்கினால் பாதிப் பேருக்கு அது துளைக்குள்ளேயே நுழையாது, மீதிப் பேருக்கு நுழைந்தும் பயன் இருக்காது.

விதி என்ன சொல்கிறது என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 49 சிஎஃப்ஆர் 1540.111 என்ற கூட்டாட்சி விதிப்படி துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, செக்-இன் செய்யும்போது விமான நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும், கடினமான சுவர் கொண்ட பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும், அதன் சாவியோ நம்பரோ பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும். பூட்டிய பிறகும் எளிதாகத் திறக்க முடிகிற பெட்டி கூடாது என்கிறது விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை நடத்தும் அரசு அமைப்பான டிஎஸ்ஏ, துப்பாக்கி வாங்கும்போது கூடவே வரும் பெட்டி இதற்குப் போதாமல் போகலாம் என்றும் எச்சரிக்கிறது. இந்த எச்சரிக்கையை நிறையப் பேர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நானும் ஒருமுறை கவனிக்காமல் விட்டேன். நீளமான ரைஃபிள் பெட்டி, பூட்டு மாட்ட நான்கு துளைகள், நான் நடுவிலிருந்த இரண்டில் மட்டும் கனமான பூட்டுகளை மாட்டிக்கொண்டு நிம்மதியாகப் போய் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் பெட்டியின் மூலையைப் பிடித்து மேலே இழுத்தார். பிளாஸ்டிக் மூடி வளைந்து கொடுத்தது, அவர் விரல்கள் நான்கும் உள்ளே போய் ஸ்பாஞ்சைத் தொட்டன. ஒரு வார்த்தை பேசாமல் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அந்த விமானம் எனக்கில்லை.

அதனால் எத்தனை துளை இருக்கிறதோ அத்தனை பூட்டு போடுங்கள். இரண்டு போதும் என்று யாராவது சொன்னால், அவருடைய பெட்டி சின்னக் கைத்துப்பாக்கிப் பெட்டியாக இருக்கும். வீட்டிலேயே சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: பூட்டுகளை மட்டும் மாட்டிவிட்டு, பெட்டியின் கிளிப்புகள் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள், அப்புறம் ஒவ்வொரு மூலையாகப் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். விரல் நுழைகிற இடைவெளி வந்தால் அந்தப் பெட்டியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீல் இருக்கும் பக்கத்தையும் பாருங்கள். கீலின் ஊசியை வெளியிலிருந்து தட்டி எடுக்க முடிந்தால், முன்பக்கம் எத்தனை பூட்டு தொங்கினாலும் வீண்.

இப்போது பூட்டுக்கு வருவோம். முதலில் துளையை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள வளைகம்பி நுழையும், அதற்கு மேல் தடிமனாக இருந்தால் சிரமம். கம்பி நுழையவில்லை என்று துளையைத் துளைப்பான் வைத்துப் பெரிதாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், துளையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மெலிந்துபோனால் பூட்டை யாரும் உடைக்க வேண்டியதில்லை, துளையின் விளிம்பு தானாகப் பிய்ந்துகொள்ளும். வட்ட வடிவப் பூட்டுகள் பலமானவைதான், ஆனால் அவற்றின் வளைகம்பி வெளியே தெரிவது கொஞ்சம்தான், பல பெட்டிகளில் மாட்டவே முடியாது. வளைகம்பி நீளமாகவும் இருக்கக் கூடாது. மாட்டிய பிறகு பூட்டு அதிகம் ஆடினால் நெம்புவதற்கு இடம் கொடுக்கும், கன்வேயரிலும் சிக்கும்.

உள்ளே இருக்கும் அமைப்பும் முக்கியம். மலிவான பூட்டுகளில் வளைகம்பியைப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங் நாக்கு மட்டும்தான், கம்பியின் ஓரமாக மெல்லிய தகட்டைச் செருகினால் அது விலகிவிடும். இரண்டு பக்கமும் எஃகுக் குண்டு வைத்துப் பிடிக்கிற வகையில் இந்த வேலை நடக்காது. கடையில் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பால் பேரிங் என்று எழுதியிருப்பார்கள், அதைத் தேடி வாங்குங்கள்.

நம்பர் பூட்டா சாவிப் பூட்டா? நான் சாவி பக்கம். மூன்று சக்கரம் என்றால் மொத்தமே ஆயிரம் நம்பர்தான், பொறுமையுள்ளவர் உட்கார்ந்தே திறந்துவிடுவார், நான்கு சக்கரத்தில்கூட மலிவான பூட்டு என்றால் சக்கரத்தை உருட்டும்போது கைக்கே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. சோதனைக்காக டிஎஸ்ஏ அதிகாரி திறக்கக் கேட்டால் சாவியைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், நம்பரைச் சொன்னால் சொன்னதுதான். நம்பர் பூட்டுதான் வசதி என்றால், ஊர் போய்ச் சேர்ந்ததும் நம்பரை மாற்றிவிடுங்கள்.

நான்கு பூட்டுக்கு நான்கு சாவி வைத்துக்கொண்டு வரிசையில் தடுமாற வேண்டாம், ஒரே சாவியில் திறக்கும் செட்டாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். ஒரு சாவி சட்டைப்பையில், இன்னொன்று கைப்பையில். சாவியை செக்-இன் சூட்கேஸுக்குள் போட்டுவிடாதீர்கள், அவர்கள் கூப்பிடும்போது சூட்கேஸ் உங்களிடம் இருக்காது. சில பூட்டுகளின் அடியில் சாவியின் எண் பொறித்திருக்கும், அந்த எண்ணை வைத்தே சாவி வெட்டிவிடலாம், அதனால் குறித்து வைத்துக்கொண்டு அரத்தால் தேய்த்து அழித்துவிடுங்கள்.

சரி, எல்லோரும் சண்டை போடுகிற விஷயம், டிஎஸ்ஏ பூட்டு. சிவப்பு வைரக் குறியோ சிவப்புத் தீப்பந்தக் குறியோ போட்டிருக்கும், அதிகாரிகளிடம் உள்ள பொதுச்சாவியால் திறக்கும். துப்பாக்கிப் பெட்டிக்கு எந்தப் பூட்டும் போடலாம், இதுவும் சேர்த்தி, என்றுதான் டிஎஸ்ஏ சொல்கிறது. ஆனால் நான் போட மாட்டேன், உங்களையும் போடாதீர்கள் என்றே சொல்வேன். சாவி பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்று விதியின் வரி அத்தனை தெளிவாக இருக்கும்போது, ஊரெல்லாம் சாவி உள்ள பூட்டை ஏன் மாட்ட வேண்டும்? அந்தப் பொதுச்சாவிகளின் படம் ஒரு செய்தித்தாளில் வெளியாகி, 2015-ல் அதைப் பார்த்தே முப்பரிமாண அச்சில் கள்ளச்சாவி எடுத்துக் காட்டிவிட்டார்கள். துணிமணிப் பெட்டிக்கு இது போதும், துப்பாக்கிக்குப் போதாது.

கைத்துப்பாக்கியைச் சின்ன உலோகப் பெட்டியில் பூட்டிப் பெரிய சூட்கேஸுக்குள் வைத்து அனுப்புகிறவர்களுக்கு இரண்டு பூட்டும் தேவைப்படும். உள்ளே இருக்கும் சின்னப் பெட்டிக்கு உங்கள் சொந்தப் பூட்டு, வெளிச் சூட்கேஸுக்கு டிஎஸ்ஏ பூட்டு. வெளியே அவர்கள் திறந்து பார்க்கலாம், உள்ளே நீங்கள் இல்லாமல் முடியாது. சின்னப் பெட்டியை எஃகு கேபிளால் சூட்கேஸின் சட்டத்தோடு பிணைத்துவிட்டால் யாரும் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது. துப்பாக்கியோடு வரும் கேபிள் பூட்டை சேம்பர், அதாவது தோட்டா போய் உட்காரும் இடம், வழியாக மாட்டுவது நல்ல பழக்கம், காலியாக இருப்பது பார்த்ததும் தெரியும், ஆனால் அதைப் பெட்டிப் பூட்டாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

தோட்டாவுக்கு வேறு கணக்கு. கைப்பையில் ஒன்றுகூடக் கூடாது, பழைய ஜாக்கெட் பையையும் போட்டிக்குக் கொண்டுபோன பையின் மூலைகளையும் உதறிப் பாருங்கள். செக்-இன் பையிலும் உதிரியாகப் போடக் கூடாது. அட்டை, மரம், பிளாஸ்டிக், உலோகம் ஏதாவது ஒன்றில் தோட்டாவுக்கென்றே செய்த பெட்டியில் இருக்க வேண்டும், கடையில் வாங்கிய அட்டைப்பெட்டியே போதும். அப்படி அடுக்கிய தோட்டாவைத் துப்பாக்கி இருக்கும் அதே பூட்டிய பெட்டியிலும் வைக்கலாம், டிஎஸ்ஏ அனுமதிக்கிறது, விமான நிறுவனத்தின் விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எடையில் 11 பவுண்டு, அதாவது 5 கிலோ, என்பது பல நிறுவனங்களின் வரம்பு. தோட்டாவைத் தனி சூட்கேஸில் வைத்தால் அதற்குக் கனமான சொந்தப் பூட்டு போடாதீர்கள், அங்கே டிஎஸ்ஏ பூட்டுதான் சரி, இல்லையென்றால் திறந்து பார்க்க வழியில்லாமல் பூட்டையே வெட்டிவிடுவார்கள்.

கவுண்டருக்குப் போகும்போது சாவி கையிலேயே இருக்கட்டும். துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று ஓர் அட்டையில் கையெழுத்து வாங்குவார்கள், அதைச் சிலர் பூட்டிய பெட்டிக்குள் வைக்கச் சொல்வார்கள், சிலர் வெளிச் சூட்கேஸுக்குள். பெட்டிக்கு வெளியே துப்பாக்கி இருப்பதாகக் காட்டும் சீட்டு ஒட்டச் சொல்வதைச் சட்டமே தடுக்கிறது, யாராவது ஒட்டப் போனால் பணிவாகச் சொல்லி நிறுத்துங்கள். அவர்களாகக் கேட்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். திறந்து மூடியபின் எல்லாப் பூட்டும் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, சோதனை முடிந்தது என்று சொல்லும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

2017 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் ஒருவர் செக்-இன் பையில் வந்த தன் துப்பாக்கியை எடுத்து ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். இப்போது சில நிறுவனங்கள் இறங்கும் இடத்தில் பெட்டியைக் கன்வேயரில் விடாமல், பிளாஸ்டிக் பட்டை கட்டி, அலுவலகத்தில் அடையாளம் பார்த்துத்தான் கையில் தருகின்றன. பட்டையை நிலையத்துக்குள் வெட்டாதீர்கள். பெட்டியைத் திறக்காமலே பூட்டுகளை எண்ணுங்கள், கம்பியில் புதுக் கீறல் இருக்கிறதா, துளையோரம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பூட்டு குறைந்தாலும் வாசலைத் தாண்டாமல் அங்கேயே எழுத்தில் புகார் கொடுங்கள்.