என்கிளெக்ஸ் எழுதுகிறீர்களா? இன்ஷியலைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் நர்ஸாக லைசென்ஸ் வாங்க எழுதும் என்கிளெக்ஸ் தேர்வுக்கு, அதை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தில் பதியும்போது நர்சிங் சான்றிதழைப் பார்த்துப் பெயர் அடிக்காதீர்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அதையே அடியுங்கள்.

நம் ஆட்களுக்கு இன்ஷியல்தான் வம்பு. மார்க் ஷீட்டில் 'கவிதா எஸ்', பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வராஜ்' என்று இருக்கும். பெங்களூரு சென்டரில் அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் மட்டும்தான் செல்லும், ஏ.டி.டி. அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அமெரிக்க லைசென்ஸுக்கான பதிவுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே உள்ள மையத்தில் எழுத இன்னொரு 150 டாலர். அத்தனையும் போச்சு. மாசக்கணக்கில் நைட் டூட்டிக்கு நடுவே படித்ததோடு ஊருக்குத் திரும்ப மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஏ.டி.டி. ஏற்கெனவே கையில் வந்துவிட்டதென்றால் இந்த வழி உதவாது. தேர்வு நாளுக்கு முன்பே எழுதிக் கேட்டுத் திருத்த வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்ஸ்களை எடுக்கும் நார்செட் மாதிரி உள்நாட்டுத் தேர்வுகளுக்கு அதனதன் அறிவிப்பில் உள்ள விதிதான்.